இரண்டு நாள் இளைய ஈக்கள்

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். ஓடும் வண்டியில் எல்லோரும் தள்ளாடித்தான் நடப்பார்கள் என்பதால், அவருக்கு வந்த நோய் முதல் மூன்று வருடம் யார் கண்ணிலும் படவில்லை. வண்டி நின்று பிளாட்பாரத்தில் இறங்கும்போதுதான் தெரியும். கால் ஒரு பக்கம் போகும், உடம்பு இன்னொரு பக்கம் போகும். பிறகு நாக்கும் குழறத் தொடங்கியது. பட்டப்பகலில் குடித்துவிட்டு வருகிறார் என்று ஒரு பயணி எழுதிக் கொடுத்த புகாரில் வேலை போயிற்று. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர். அம்மா அக்கம்பக்கத்தாரை நிறுத்தி, "வாயை மோந்து பாருங்க. நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பாள். ஒருவரும் மோந்து பார்க்கவில்லை. அம்மாவுக்கு எதிரே தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

அது சிறுமூளை தேய்கிற நோய் என்றும், பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடியது என்றும், வருவதற்கும் வராமல் போவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் ஒரு டாக்டர் சொன்னபோது, மூத்த மகளான அவளுக்குப் பதினேழு வயது. தம்பிக்குப் பதிமூன்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் மரபியல் படிக்கப் போனாள். தம்பி அந்த வாக்கியத்தை மறப்பதற்காக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தான்.

அவள் ஆராய்ந்தது பழ ஈயை. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி எள்ளுப் போலப் பறக்குமே, அது. முட்டையிலிருந்து ஈயாக வெளிவரப் பத்தே நாள். மனிதக் குடும்பத்தில் நூறு வருடம் காத்திருந்து பார்க்க வேண்டியதை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் ஒன்றரை மாதத்தில் பார்த்துவிடலாம். உறவுக்காரர்கள் யாராவது, "அக்கா என்ன வேலை பாக்குறா?" என்று கேட்டால் தம்பி முந்திக்கொண்டு, "ஈ ஓட்டுறா. சம்பளம் குடுத்து ஓட்டச் சொல்றாங்க" என்பான். அவன் மகள் பேசத் தொடங்கிய வயதிலேயே அவளுக்கு 'ஈ அத்தை' என்று பெயர் வைத்தாள். சேர்த்துச் சொன்னால் 'ஈயத்தை' என்று ஆகிறது என்பதில் குழந்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பாவைக் கெடுத்த அதே மரபணுவை ஈக்களுக்குள் புகுத்தி ஒரு வம்சத்தை அவள் உருவாக்கினாள். ஈக்கு ஒரு குணம் உண்டு. குப்பியை ஒரு மெத்தைமேல் தட்டினால் எல்லாம் அடியில் விழும். விழுந்த கையோடு சுவரைப் பிடித்து மேலே ஏறும். பத்து விநாடிக்குள் எத்தனை ஈ கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. நல்ல ஈக்கள் தாண்டிவிடும். அவள் வம்சத்து ஈக்களும் இளவயதில் தாண்டும். பதினைந்தாம் நாளில் கொஞ்சம் ஏறி வழுக்கும், மறுபடி ஏறி வழுக்கும், பிறகு பக்கவாட்டில் சாயும். முதன்முறை அதைப் பார்த்த அன்று அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்பா மாடிப்படி ஏறுவது அச்சாக அப்படித்தான் இருக்கும்.

அவளுடைய முப்பத்தொன்றாவது வயதில் இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனை வந்தது. தம்பி, "தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறோம்?" என்று மறுத்துவிட்டான். அவள் யாருக்கும் சொல்லாமல் வேறு ஊருக்குப் போய் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இல்லை. திரும்பி வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் பயந்துதான் ஒதுங்கினாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அந்த நினைப்பைத் திருத்தவில்லை.

தம்பியின் நாற்பத்து நாலாவது வயதில் அது வந்தது. அவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடையில் பேசிக்கொண்டே திரும்பியவன், தேவையில்லாமல் மேசை விளிம்பில் கையை வைத்தான். திரும்பும்போதுதான் முதலில் தெரியும். அவள் டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள். ஐந்து மாதம் கழித்து அவனே சொன்னான்.

"அக்கா, திருகாணி கைல நிக்க மாட்டேங்குது."

அடுத்த வருடம் அவள் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி வந்தது. வேறொரு நோய்க்காக ஏற்கெனவே விற்பனையில் இருந்த ஒரு கசப்பு மாத்திரை. அதைப் பொடித்து உணவில் கலந்து, புழுப் பருவத்திலிருந்தே கொடுத்து வளர்த்த ஈக்கள் பதினைந்தாம் நாளிலும் ஏறின. எண்ணுகிறவர்களுக்கு எது மருந்துக் குப்பி எது வெறும் குப்பி என்று தெரியாதபடி லேபிளை மூடித்தான் எண்ண வைத்தாள். மூன்று முறை செய்தும் அதே முடிவு. கட்டுரை பெரிய சஞ்சிகையில் வந்தது. செய்தித்தாளில் அவள் படம் வந்தது. தம்பி அதைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கடையில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினான். கண் சோதனைக்கு வந்தவர்கள் எல்லாம் அவள் முகத்தையும் படித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அவன் அந்த மாத்திரையைக் கேட்டான்.

"அவசரப்படாத. ஈ வேற, மனுஷன் வேற" என்றாள்.

"இருபது வருஷமா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லித்தானே அங்க உக்காந்திருக்க?"

ஆறு வாரம் மறுத்தாள். மனிதர்களுக்கு முறையாகச் சோதனை செய்து முடிக்க எட்டு வருடமாவது ஆகும் என்றாள். "எட்டு வருஷத்துல நான் அப்பா மாதிரி சேர்ல கட்டி வெச்சுத்தான் சாப்பிடுவேன்" என்றான். ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஈயின் எடையையும் அவன் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டாள். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சீட்டு எழுதி வாங்கினாள். முதல் மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பதினான்கு மாதம் சாப்பிட்டான். குமட்டல் நிற்கவே இல்லை. சட்டை தோளிலிருந்து தொங்கியது. ஆனால் வாரம் தவறாமல் போன் செய்வான். "நேத்து கைப்பிடி பிடிக்காம மாடி ஏறினேன்." "இன்னிக்கு ரெண்டு திருகாணி போட்டேன்." அவளும் பார்த்தாள், நடை தேவலை என்றுதான் பட்டது. லேபிளை மூடாமல் ஒரு ஈயைக்கூட எண்ணவிடாதவள், தம்பியின் அடிகளை மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினாள்.

ஆய்வுக்கூடத்தில் ஈக்களுக்கு உணவு காய்ச்சும் பெண்ணை எல்லோரும் பாகம்மா என்று கூப்பிடுவார்கள். சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் பெரிய பாத்திரத்தில் பாகு போலக் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றுவது அவள் வேலை. பழைய குப்பிகளைக் கழுவுவதும் அவள்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாகம்மா ஒரு தட்டு நிறையக் குப்பிகளோடு வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, புது பிரஷ் வேணும். மஞ்சப் பட்டை குப்பிய கழுவுறதுக்குள்ள கை விட்டுப்போகுது."

மஞ்சள் பட்டை என்றால் மருந்து, வெள்ளை என்றால் வெறும் உணவு.

"ரெண்டும் ஒரே பாகுதானே. மஞ்சள்ல மட்டும் என்ன?"

"வெள்ளைல ஈ வெளிய போன வெறும் கூடுதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி பட்டா உதிர்ந்துடும். இதுல பாதி கூட்டுக்குள்ள புழு இன்னும் உசுரோட இருக்குது. எப்பவும் அப்படித்தான். ரெண்டு நாள் வெச்சிருந்தா எல்லாம் பறந்துடும், அதுக்குள்ள குப்பி வேணும்னு கேட்டுடுறாங்க."

"எப்பவுமா?"

"மருந்து போட்ட நாள்லேர்ந்து. கசப்பை எந்தப் புள்ள வேகமா திங்கும்? மெதுவாத்தான் வளருது." அவள் முகம் மாறுவதைப் பார்த்து, "சொல்லியிருக்கணுமா?" என்று பாகம்மா கேட்டாள்.

அவள் இரண்டு குப்பிகளை வாங்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். இரண்டிலும் ஒரே தேதி. ஒன்றில் காலிக் கூடுகள். மற்றதில், கூட்டுக்குள் கண் சிவந்து, இறகு கறுத்து, இன்னும் வெளிவராத ஈக்கள். பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'லேபிளில் முட்டையிட்ட தேதியை மட்டும் எழுதவும். வயதை அதிலிருந்து கணக்கிடவும்.' பதினோரு வருடத்துக்கு முன், தனியாக வேலை பார்த்த காலத்தில், நேரம் மிச்சம் பிடிக்க அவளே எழுதி ஒட்டியது. வெறும் உணவு தின்ற ஈ பத்தாம் நாள் பிறந்தது. கசப்பைத் தின்ற ஈ பன்னிரண்டாம் நாள் பிறந்தது. முட்டைத் தேதிக்குப் பத்து நாள் கழித்துப் பிறந்ததாக வைத்து எண்ணியதால் இரண்டுக்கும் ஒரே வயது எழுதினார்கள். பதினைந்து நாள் என்று நினைத்துத் தட்டிப் பார்த்த மருந்து ஈக்களுக்கு உண்மையில் வயது பதின்மூன்று. பதின்மூன்று நாள் ஈ மருந்து இல்லாமலே ஏறும்.

பாகம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல், அவளே முழுச் சோதனையையும் மறுபடி செய்தாள். இந்த முறை ஈ கூட்டைவிட்டு வந்த நாளிலிருந்து வயதை எண்ணினாள். லேபிளை மூடிக்கொண்டு பாகம்மாவையும் எண்ணச் சொன்னாள். ஆறு வாரம். கடைசியில் தாளில் வரைந்து பார்த்தபோது மருந்துக் கோடும் வெறும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன.

துறைத் தலைவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"திருத்தம்னு ஒரு பத்தி போட்டா போதாதா மேடம்? வயசு கணக்குல சின்ன வித்தியாசம்னு."

"அந்தச் சின்ன வித்தியாசம்தான் சார் கண்டுபிடிப்பே. அதை எடுத்துட்டா மிச்சம் ஒண்ணுமில்ல."

"உங்க கூடத்துல ஆறு பேர் இருக்காங்க. இந்த ஒரு கட்டுரையை வெச்சுத்தான் அவங்க வண்டி ஓடுது."

"தெரியும்."

"யாரும் கேக்கலியே இன்னும்."

"கேக்குறவரைக்கும் ஜனங்க மாத்திரை முழுங்குவாங்க" என்றாள். எந்த ஜனங்கள் என்று அவர் கேட்கவில்லை.

அன்றே சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினாள், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக. அது எளிதாக இருந்தது. மறுநாள் மதியம் தம்பி கடைக்கு நடந்து போனதுதான் கடினம். சட்டகங்கள் வரிசையாக மாட்டிய கண்ணாடிச் சுவர்கள், நடுவில் அவன். வாடிக்கையாளர் யாருமில்லை. கல்லாவுக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து துணியால் ஒரு வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கூடு, தேதி, இரண்டு நாள், எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் மாடி ஏறினது?"

"தெரியல."

"நீயும் பாத்தியே."

"பாக்கணும்னு ஆசைப்பட்டதைப் பாத்தேன்."

"கையில நின்ன திருகாணி?"

"ஒரு நாள் நிக்கும், ஒரு நாள் நிக்காது. அப்பாவுக்கும் அப்படித்தானே இருந்துச்சு."

அவன் வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அது ஆடியது. கீழே வைத்தான். பிறகு, அவளே எதிர்பாராத விதமாக, அவளைத் தேற்றத் தொடங்கினான்.

"சரி விடு. வேணும்னா செஞ்ச? மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. நாளைக்கு உனக்கே வந்தா நீயும் இதே மாதிரி எதையாவது முழுங்கத்தான் போற. நாம ரெண்டு பேரும் ஒரே படகு அக்கா. முதல்ல நான் ஏறிட்டேன், அவ்வளவுதான்."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். பத்தொன்பது வருடமாக ஆட்டிய தலைதானே. ஆனால் ஒரு பொய்யை அழித்துவிட்டு வந்த மறுநாள், இன்னொன்றைச் சுமந்துகொண்டு வெளியே போக அவள் கால் எழவில்லை.

"எனக்கு வராது."

"என்ன?"

"டெஸ்ட் எடுத்தேன். எனக்கு இல்ல."

"எப்ப?"

"உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்."

அவன் விரல்விட்டு எண்ணினான். உண்மையாகவே விரல்விட்டு எண்ணினான், சின்ன வயதில் செய்வதுபோல. பிறகு ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

"என் பொண்ணு சரியாத்தான் பேர் வெச்சிருக்கா. ஈயத்தைக் காய்ச்சிக் காதுல ஊத்திட்டுப் போறதுக்குன்னே வந்திருக்க."

"சொன்னா நீ தனியா ஆயிடுவியேன்னு..."

"நான் தனியாத்தான் இருந்திருக்கேன். எனக்குத்தான் தெரியல. நீ எனக்குத் துணையா பயந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்." அவன் எழுந்தான். "கடைய மூடணும்."

மணி மூன்று. வெளியே வந்து ஷட்டரை இழுத்துவிட்டுக் குனிந்து பூட்டினான். சாவி துளையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் பக்கத்தில் நின்றாள். கையை நீட்டத் துணிவில்லை. ஒருவழியாகப் பூட்டிவிட்டு, அவளைப் பார்க்காமல், கடைகளின் சுவர்களைத் தொட்டுத் தொட்டு நடந்து போனான்.

மாத்திரையை அவன் நிறுத்தவில்லை. வீம்பா, நம்பிக்கையா என்று தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, கண்ணு மஞ்சளா இருக்கு. சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. என்ன மாத்திரைன்னு மறைக்காம சொல்லு. யார் குடுத்தான்னு கேட்டா என் பேரைச் சொல்லு."

கல்லீரல் வீங்கியிருந்தது. மூன்று வாரம் படுக்கையில் இருந்தான். அவள் தினமும் போனாள், அறைக்குள் போகாமல் நடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். மாத்திரை நின்றது. கல்லீரல் மெல்லச் சரியாயிற்று, சாப்பாடு இறங்கியது, உடம்பு தேறியது. நடை முன்பைவிட மோசமாகவும் இல்லை, தேவலையாகவும் இல்லை. அந்த மாத்திரைக்கும் அந்த நடைக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை என்பதற்கு அதைவிட நல்ல சோதனை வேண்டியதில்லை.

ஏழு மாதம் தம்பி அவளிடம் பேசவில்லை. அதற்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்ட செய்தி சஞ்சிகையில் வெளியாயிற்று. ஆறு பேரில் நாலு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் சொல்லிக்கொண்டு போனார், மற்றவர்கள் சொல்லவில்லை. ஆய்வுக்கூடம் மூலையில் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு மாறியது. செய்தித்தாளில் இந்த முறை படம் வரவில்லை. முகம் தெரியாதவர்களிடமிருந்து பதினொரு கடிதங்கள் வந்தன. ஒரு பெண் தன் கணவனுக்கு ஒரு வருடமாக அந்த மாத்திரையைக் கொடுத்துவருவதாகவும், இப்போது அவனிடம் என்ன சொல்லி நிறுத்துவது என்றும் கேட்டிருந்தாள். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத அவளுக்கு நாலு நாள் பிடித்தது. 'உள்ளதைச் சொல்லுங்கள். கோபப்படுவார். கூட இருங்கள்' என்று எழுதி முடித்தாள். எழுதியது போதுமா என்று தெரியாமலே உறையை ஒட்டினாள்.

சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள். பாகம்மாவை ஆய்வுக்கூடத்துக் கூட்டங்களில் உட்காரச் சொன்னாள். "எனக்கு என்னம்மா தெரியும்?" என்று பாகம்மா கூசினாள். "எங்களுக்குத் தெரியாதது" என்றாள் அவள்.

ஒரு வெள்ளிக்கிழமை தம்பி மகள் வந்தாள். பதினேழு வயது, அப்பாவின் அதே நெற்றி.

"ஈயத்தை, கடைக்கு வாயேன். அப்பா அங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்காரு. கை நடுங்குதுன்னு ஆளுங்க வர மாட்டேங்குறாங்க. குடிக்கிறாருன்னு எதிர்க்கடைக்காரரு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு."

அந்தக் கடைசி வாக்கியம் அவளை மறுநாள் காலையிலேயே கிளப்பிவிட்டது.

தம்பி அவளைப் பார்த்தான், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் செய்தித்தாள் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவள் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு வயதான அம்மாள் கால் கழன்ற கண்ணாடியோடு வந்தார். தம்பி வாங்கினான், சிறிய திருகாணியை இடுக்கியால் எடுத்தான், விழுந்தது. மறுபடி எடுத்தான், விழுந்தது. அந்த அம்மாள் அவன் கையைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். மூச்சை மெல்ல இழுத்ததும் தெரிந்தது.

அவள் எழுந்து போய்த் தரையிலிருந்து திருகாணியை எடுத்தாள். எள்ளளவு ஈயின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தே முப்பது வருடம் ஓடிய கை. இடுக்கியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவருக்கு நரம்புல ஒரு நோய்மா. எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு" என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். பிறகு தம்பியிடம், "எந்தப் பக்கம் திருகணும்?" என்றாள்.

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். அந்த அம்மாள் காத்திருந்தார்.

"வலது பக்கம். இறுக்கிடாத. அரைச் சுத்து போதும்."

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவள் அங்கேதான். வாரம் முழுக்கச் சேரும் நுண்வேலைகளை அவன் ஒரு டப்பாவில் போட்டு வைப்பான், அவள் செய்வாள். வேலையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். 'மூக்குத்தாங்கியை இன்னும் கொஞ்சம் அகட்டு.' 'அது பித்தளை, ஒடிஞ்சுடும்.' அவள் அவசரக்காரி என்று அவன் வாடிக்கையாளர்களிடம் குறை சொல்வான். நாலாவது மாதம், கூட்டமில்லாத ஒரு மதியம், தலை நிமிராமல் கேட்டான்.

"இல்லன்னு தெரிஞ்ச அன்னிக்கு என்ன பண்ணின?"

"சந்தோஷப்பட்டேன்." அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "பஸ்ல ஏறி உக்காந்து, பாதி வழி வரைக்கும் சந்தோஷமா இருந்தேன். அப்புறம் உன் ஞாபகம் வந்துச்சு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் டெஸ்ட் எடுத்திருப்பேன்."

"ஆமா."

"எடுத்திருந்தா கல்யாணம் பண்ணியிருக்க மாட்டேன். அந்தப் பொண்ணு பொறந்திருக்க மாட்டா." துணியை எடுத்து ஒரு வில்லையைத் துடைத்தான். "பதினெட்டு ஆனதும் டெஸ்ட் எடுக்கணுங்குறா. உன்னை மன்னிக்கணுமா, கும்பிடணுமான்னு எனக்கு இன்னும் புரியல."

"ரெண்டும் வேணாம்."

"வேணாம்னு நீ சொல்லாத. அதை நான் பாத்துக்குறேன்."

கதவு திறந்தது. தோளில் பையோடு ஒருவர் உள்ளே வந்து, மூக்கில் அழுத்துகிறது என்று கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தம்பி அதை இரண்டு கையாலும் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அவள் பக்கம் நகர்த்தினான்.